கரை இல்லாத பக்கம்

அம்பத்தூர்வாசிகளிடம் ஏரியூருக்குப் போகலாம் என்றால் ஏற்காடு, கொடைக்கானல் என்று அடுக்குவார்கள். மேற்கே போகும் மின்ரயிலில் ஏறினால் அரை மணியில் ஓர் ஏரியூர் வரும் என்று சொல்லிப் பாருங்கள். "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். நான் சொல்லும் ஊர் திருநின்றவூர். படகுத்துறை கிடையாது, குதிரை சவாரி கிடையாது, சுட்ட சோளம்கூட நிச்சயமில்லை. பெரிய ஏரி ஒன்று, பழைய கோயில்கள், கரையோரப் பனைகள், வேகமாக முளைக்கும் வீட்டுமனைகள். எனக்கு இது போதும். உங்களுக்கும் போதுமா என்பது ஏரியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் ரயில். ஆவடியோடு நின்றுவிடும் வண்டிகள் நிறைய. பட்டாபிராம் சைடிங்குக்குப் பிரிந்து போகிறவையும் உண்டு. திருவள்ளூர் அல்லது அரக்கோணம் என்று பெயர்ப்பலகை காட்டும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஆவடி தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது தின்னனூர். ஷேர் ஆட்டோவில் "தின்னனூரா?" என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டாம், அதே ஊர்தான். காலை ஆறு, ஆறரைக்கே இறங்கிவிடுவது நல்லது. கரையில் வெயில் ஏறிவிட்டால் ஒதுங்க நிழல் குறைவு. கோயில்களும் உச்சிப்பொழுதுக்கு முன்பே நடை சாத்திவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எல்லோருக்கும் ஏரி என்றால் அடிக்கணக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடியில் இன்று எத்தனை அடி, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பது மழைக்காலத்தில் பாலுக்கும் பேப்பருக்கும் அடுத்த கேள்வி. ஆனால் ஏரி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. திருநின்றவூர் மாதிரி ஓர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்தால் அது விளங்கிவிடும்.

நான் கற்றுக்கொண்ட முறை இது. போனதும் தண்ணீரைப் பார்க்காதீர்கள், மதகைத் தேடுங்கள். கரையின் தாழ்ந்த இடத்தில் கல்லாலோ சிமெண்டாலோ கட்டிய சின்ன அமைப்பு அது. மேலே திருகும் இரும்புத் தண்டு இருந்தால் அதுதான். பாசனத் தண்ணீர் வெளியேறும் வழி அது. அதன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தால் தெரிவது ஆயக்கட்டு, ஏரித் தண்ணீர் பாயும் நிலம். ஒரு காலத்தில் அதெல்லாம் நெல். இப்போது வயலை எண்ணுவதைவிட மனைக்கல்லை எண்ணுவது சுலபம். அடுத்து கரை முடியும் கோடிக்குப் போங்கள். அங்கே கரையைவிடத் தாழ்வாக ஒரு நீளமான தடுப்பு இருக்கும். அதுதான் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். மேலேரியின் கழிவுதான் கீழேரியின் வரத்து. தொண்டை மண்டலத்தில் வற்றாத நதிகள் இல்லாத குறையை முன்னோர்கள் இப்படி ஏரியோடு ஏரியைக் கோத்துச் சமாளித்திருக்கிறார்கள். மதகும் கலங்கலும் எங்கே என்று பிடிபட்டதும் வயல் ஏன் இந்தப் பக்கம், கோயில் ஏன் மேட்டில் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இதைவிட முக்கியமானது மூன்றாவது பாடம். ஏரிக்குச் சுற்றிலும் கரை கிடையாது. பிறை மாதிரி வளைந்த கரை பள்ளத்துப் பக்கம் மட்டும்தான். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும், தண்ணீர் உள்ளே வர வேண்டுமே! அந்தப் பக்கத்தில் ஏரி எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடு எதுவும் இல்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் அது காய்ந்த புல்வெளி. மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே நின்று யாராவது "அருமையான மனை" என்று கை காட்டினால் நம்பத்தான் தோன்றும். பிறகு ஐப்பசியும் கார்த்திகையும் வருகின்றன. ஒவ்வொரு மழையிலும் சென்னைப் புறநகர்ச் செய்திகளில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் வீடுகளில் பல இப்படிக் கரை இல்லாத பக்கத்தில் கட்டியவை. கட்டியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விற்றவர், கையெழுத்துப் போட்டவர், மின் இணைப்பு தந்தவர் என்று வரிசை நீளம்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும், "இன்னா சார், பிளாட் பாக்க வந்தீங்களா?" என்றார். சலவைச் சட்டையோடு ஏரிக்கரையில் நிற்பவன் வேறு எதற்கு வந்திருப்பான்!

"இல்லண்ணே, சும்மா ஏரி பாக்கத்தான்."

"ஏரிய இன்னா சார் பாக்கறது? மழைல வாங்க, ஏரியே வந்து உங்களப் பாக்கும்."

நகர அமைப்பு பற்றி நான் படித்த கட்டுரைகளில் இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

கோயில்களில் முதலில் இருதயாலீஸ்வரர். போவதற்கு முந்தின இரவு பூசலார் நாயனார் கதையைப் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அது சாதாரணச் சின்னக் கோயிலாகத்தான் தெரியும். கையில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, நாள் பார்த்து, கோயில் எழுப்புகிறார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறான். சிவன் கனவில் வந்து, நாளை நான் நின்றவூரில் இருப்பேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். மன்னன் தேடி வந்தால் ஊரில் கோயிலே இல்லை. கதையை எழுதிய சேக்கிழாரும் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான். அந்த மன்னன் இராசசிம்மன், அந்தக் கற்கோயில் காஞ்சி கைலாசநாதர் என்பது பொதுவான கருத்து. அப்படியானால் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இப்போது இதய நோய் உள்ளவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். பூசலார் குருபூசை ஐப்பசி அனுஷத்தில். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம் அது. ஏரியில் தண்ணீர் ஏறுவதையும் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம், குடை கட்டாயம்.

பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்கு என்னைப் பெற்ற தாயார் என்று பெயர். திருமங்கையாழ்வார் பாடாமல் இந்த ஊரைக் கடந்து போய்விட, ஒரு பாட்டு வாங்கி வரும்படி தாயார் பெருமாளைப் பின்னாலேயே அனுப்பினாராம். ஆழ்வார் அதற்குள் கடல்மல்லை என்ற மாமல்லபுரம் போயிருந்தார், அங்கிருந்தே இந்தப் பெருமாளையும் சேர்த்துப் பாடினார். அது போதாதென்று திருக்கண்ணமங்கையில் இன்னொன்று. மதுராந்தகத்தைப் போல இங்கேயும் ஏரியோரம் ஏரி காத்த ராமர் இருக்கிறார். பெயருக்கேற்ற வேலை அவருக்கு நிறையவே இருக்கிறது.

பறவை பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை. நாமக்கோழி, தாழைக்கோழி, நத்தைக்குத்தி நாரை ஆகியவை எளிதாகக் கண்ணில் படும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஆவடி பருத்திப்பட்டு ஏரியே வசதி. சீரமைத்து நடைபாதை, இருக்கை எல்லாம் போட்டிருக்கிறார்கள். கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். எனக்கென்னவோ கம்பி வேலிக்குப் பின்னால் ஏரி பூங்காவாகிவிடுகிறது. ஆனால் வேலி இல்லாவிட்டால் குப்பை லாரி வந்துவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேலிக்கே கை தூக்குவேன்.

ஓர் எச்சரிக்கை. கோடையில் ஏரி வற்றியிருந்தாலும் உள்ளே இறங்கி நடக்காதீர்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றில் சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தால் ஆழம் தெரியாது.

நேரம் மிச்சமிருந்தால் அதே ரயில் பாதையில் மேற்கே போகலாம். புட்லூரில் கருவுற்ற கோலத்தில் படுத்திருக்கும் அம்மன். ஞாயிறு, செவ்வாய், வெள்ளிகளில் கூட்டம் தாங்காது. திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அமாவாசைதான் பெரிய நாள். அன்று அந்தப் பாதை ரயில்களில் நிற்கவும் இடமிருக்காது. சாமிக்காகப் போகிறவர்கள் அன்று போங்கள், ஏரிக்காகப் போகிறவர்கள் பஞ்சாங்கம் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

திருவள்ளூரிலிருந்து பேருந்தில் பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943-லேயே காலமாகிவிட்டார், பெயர் மட்டும் அணையில் நிற்கிறது. கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. 1996 முதல் கண்டலேறுவிலிருந்து கிருஷ்ணா தண்ணீரும் இங்கே வருகிறது. பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலேயே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வில் அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று கணக்கானது. தண்ணீருக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது இந்த வட்டாரத்தில் அத்தனை பழைய பழக்கம்!

அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திருநின்றவூரையும் பூண்டியையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம், இரண்டுமே அரைகுறையாகிவிடும். மாலையில் திரும்பும்போது ஆவடியில் கூட்டம் திமுதிமுவென ஏறும். அதற்கு முன்பே ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள்.