கன்று நட்டால் காடாகுமா?

ஜூலை 26 உலகக் கண்டல் நாள். அன்று இலங்கைக் கரையோரத்தில் ஏதாவது ஒரு களப்பில், முழங்கால் சேற்றில் வரிசையாக நின்று கன்று நடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படமும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் வரும். அவற்றில் எத்தனை அடுத்த ஜூலை வரை உயிரோடு இருந்தன என்ற செய்தியை மட்டும் காணக்கிடைப்பதில்லை. தீவின் ஈரநிலச் செடிகளைப் பற்றிய நம் நம்பிக்கைகளில் ஆகப் பெரியது இங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: அழிந்த கண்டல் காட்டைக் கன்று நட்டு மீட்டுவிடலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நடுவது ஓர் அலையாகவே எழுந்தது. பணமும் வந்தது, ஆர்வமும் இருந்தது. நட்ட இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. 23 இடங்களில் நடந்த 67 நடவுகளை அது கணக்கெடுத்தது. 36 நடவுகளில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தேறியது 200, 220 ஹெக்டேர்தான். பாதிக்கு மேல் செடிகள் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு.

ஏன் இப்படி? இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் கண்டலுக்கு ஏற்ற நிலம் கரையோரத்தில் ஒரு ஒடுங்கிய பட்டைதான். கண்டல் தண்ணீரில் நிற்கும் மரம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலான நேரம் தண்ணீருக்கு வெளியே மூச்சுவிட வேண்டிய மரம். புளோரிடாவில் பல பத்தாண்டுகள் இந்த வேலையே செய்த ராபின் லூயிஸ், நூற்றில் முப்பது பங்கு நேரத்துக்கு மேல் முழுகிக் கிடக்கும் நிலத்தில் கண்டல் நிலைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுபவர்கள் போவதோ யாரும் சொந்தம் கொண்டாடாத தாழ்ந்த சேற்றுக்கு. செடி அங்கே மூச்சுமுட்டிச் சாகிறது. மேட்டில் நட்டதை மாடு மேய்கிறது. மிச்சத்தைப் பாசி மூடுகிறது. நட்ட பிறகு யாராவது வந்து பார்த்துக்கொண்ட இடங்களில்தான் செடிகள் கூடுதலாகப் பிழைத்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. படம் எடுத்ததோடு ஆள் கலைந்தால் என்ன ஆகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. நட்டதில் பெரும்பகுதி தாங்குவேர் விடும் ஒரே வகைக் கண்டல்; பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்களே, அந்தக் குடும்பம். அதன் காய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நட்டாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு காலையில் நூறு குத்திவிடும். அந்த நிலத்துக்கு உரிய மரம் என்பதைவிட, நடுகிறவருக்கு வசதியான மரம் என்பதே காரணம்.

இதற்கு மாற்றாகச் சிலாபத்துக்கு அருகே ஆனைவிழுந்தானில், கைவிடப்பட்ட இறால் குளங்களில் காடு தானாக முளைத்து வர வழிசெய்யும் முறையைக் கையாள்கிறார்கள். இறால் குளத்தின் கரைகள் அடைத்த நீரோட்டம் திரும்பினால், விதைகள் அந்த நீரிலேயே மிதந்து வந்து தமக்குத் தோதான உயரத்தில் ஒதுங்கும். எது எங்கே முளைக்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: கண்டல் எல்லாம் ஒன்றுதான், பச்சையாக இருந்தால் போதும்.

வெண்கண்டல் சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல மூச்சுவேர்களை மேலே நீட்டும். தில்லை மரத்துக்குத் தாங்குவேரும் மூச்சுவேரும் கிடையாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று கரையோரத்தார் அஞ்சுவார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இதுதான். சுனாமிக்குப் பின் இலங்கைக் கண்டல் நிலங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், தூரத்திலிருந்து செழிப்பாகத் தெரிந்த சில காடுகளில் உரிய கண்டல் இனங்கள் போய், கரையோரத்துக் கலப்புச் செடிகள் புகுந்திருந்ததைக் கண்டார்கள். அப்படிப்பட்ட காடுகள் அலையை அவ்வளவாகத் தடுக்கவில்லை.

செந்நிறப் பூப் பூக்கும் லும்னிட்ஸெரா லிட்டோரியா என்ற மரம் தென்மேற்கில் பலப்பிட்டிய அருகே மாது கங்கைப் பகுதியில் பிழைத்திருக்கிறது. அதன் வெள்ளைப் பூ உறவு தீவில் பல இடங்களில் உண்டு, இது அரிது. உலகக் கணக்கில் ஆபத்தில்லாத இனம் என்பதால் இதை விட்டுவிடலாம் என்பாரும் உண்டு. வேறு நாட்டில் நிறைய இருப்பதால் இந்தத் தீவில் அற்றுப்போகலாம் என்றால், நம் காட்டு யானைக்கும் அதே நியாயம்தானே?

நம்பிக்கை: ஆற்றுவாழையை உலகப் போரில் ஜப்பானிய விமானிகளை ஏமாற்ற வெள்ளைக்காரன் குளங்களில் விட்டான்.

கேட்க நன்றாக இருக்கிறது. குளத்தை மூடிய செடியைப் பச்சைத் திடல் என்று நினைத்து விமானம் அதில் இறங்குமாம். சிங்களத்திலும் அதற்கு ‘ஜப்பான் ஜபர’ என்றே பெயர். ஆனால் ஆற்றுவாழையை ஒழிக்க இலங்கையில் சட்டம் போட்டது 1909இல். கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது 1942இல்.

நம்பிக்கை: அரிய செடியா? விதையெடுத்து வங்கியில் போட்டுவிட்டால் கவலையில்லை.

களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்கள அருகே வதுரான என்ற நன்னீர்ச் சதுப்புக் காடு இருக்கிறது. சிங்களத்தில் ‘வதுர’ என்றால் தண்ணீர். ஸ்டெமனோபோரஸ் மூனி என்ற மரத்துக்கும், நாகமரத்தின் உறவான மெசுவா ஸ்டைலோசாவுக்கும் இயற்கையில் பிடிமானம் இந்தச் சதுப்புதான். ஸ்டெமனோபோரஸ் பேரினமே இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அது சேர்ந்த குடும்பத்து மரங்களின் விதை பெரும்பாலும் நெல் போல உலர்த்தி வைக்கத்தக்கதல்ல, உலர்ந்தால் செத்துவிடும். கண்டல் காயும் அப்படியே. குளிர்ப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்ப இவை இடம் கொடுப்பதில்லை. அந்த மண்ணும் அதில் தேங்கும் நீரும் இருக்கும்வரைதான் இந்த மரங்கள். யாராவது பக்கத்தில் ஒரு வடிகாலை ஆழமாக வெட்டினால் போதும், கோடரி உள்ளே வர வேண்டிய தேவையே இருக்காது.