மடிக்கணினியும் புழுதியும்

தமிழக அரசினர் 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். அதன் பயனாக மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இவ்யந்திரம் புகுந்தது. படிப்பு முடிந்த பின்னரும் பட்டா விவரம் பார்க்கவும் விண்ணப்பம் அனுப்பவும் அது உதவுகிறது. சில ஆண்டுகளில் அது கொதிக்கிறது, இரைகிறது, திடீரென நின்றும் விடுகிறது. ‘ஆயுள் முடிந்தது’ என்று பரணில் ஏற்றிவிடுகிறோம். பல சமயங்களில் அதற்கு நேர்ந்தது மூச்சுத்திணறலேயன்றி வேறன்று.

கணினியின் சில்லில் உண்டாகும் உஷ்ணத்தைச் செம்புக் குழாய் ஒன்று மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. சிறு விசிறி, பெரும்பாலும் அடிப்புறத்திலிருந்து காற்றை இழுத்து அத்தகடுகளின் இடையே செலுத்துகிறது. திருமங்கலத்துக் கரிசல் புழுதியும் களத்துத் தூசும் அங்கே கம்பளிபோல் படிந்தால் காற்றுக்கு வழியில்லை. உஷ்ணம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் யந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் நின்றுவிடும். சித்திரை வெயிலே 40 டிகிரியை எட்டும் நம் பக்கத்தில் இது விரைவில் நேரும்.

மின்னிணைப்பை நீக்கி, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதையும் கழற்றி, அடித்தட்டின் திருகாணிகளை எடுத்துத் திறக்கவேண்டும். விசிறி சுழலாதபடி ஈர்க்குச்சியால் தடுத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, ரப்பர் ஊதுகுமிழால் ஊதி அகற்றலாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும். டயர் கடைக் காற்றை நாடுவோரும் உளர். அதன் வேகம் மிகுதி, ஈரமும் கலந்திருக்கும். ஈரத்துணி அறவே ஆகாது.

மெத்தைமீது வைத்தால் காற்றுத்துளை அடைபடும், பலகையே ஏற்றது. பஞ்சாயத்து அலுவலகக் கணினியை ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் திறந்து பார்ப்பது நலம்.