வசைக்குத் தண்டனை உண்டா?

கேள்வி: கால்பந்து மைதானங்களில் நிறவெறியோடு வசைபாடும் ரசிகர்கள் எப்போதாவது தண்டிக்கப்படுகிறார்களா?

பதில்: அபூர்வமாக. அதுவும் மிகத் தாமதமாக.

2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில், ரியல் மாட்ரிட்டின் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியரை நோக்கிப் பார்வையாளர்கள் சிலர் 'குரங்கு' என்று கத்தினார்கள். அவர் ஆட்டத்தை நிறுத்தி, கத்தியவரை விரல் நீட்டிக் காட்டினார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. கொடுமை என்னவென்றால், அன்று சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியது அவர்தான்! கடைசி நிமிடங்களில் நடந்த கைகலப்புக்காகக் கொடுத்த அந்த அட்டை, பிறகு ரத்தானது. அதே ஆண்டு ஜனவரியில் அவருடைய சட்டையை மாட்டிய பொம்மையை மாட்ரிட்டில் ஒரு பாலத்திலிருந்து தூக்கிலிட்டிருந்தார்கள்.

மெஸ்தாயா ஆட்டத்துக்கு மறுநாள் ரியோ டி ஜெனிரோவில், அவருக்கு ஆதரவாக மீட்பர் கிறிஸ்து சிலையின் விளக்குகள் ஒரு மணி நேரம் அணைக்கப்பட்டன.

மெஸ்தாயா வசைக்கு 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது. மூன்று ரசிகர்களுக்குத் தலா 8 மாதச் சிறைத்தண்டனை, மைதானங்களுக்குள் நுழைய 2 ஆண்டுத் தடை. கால்பந்து மைதானத்தில் நிறவெறி வசைக்காக ஸ்பெயின் நீதிமன்றம் விதித்த முதல் தண்டனை இதுதான். 2 ஆண்டுக்கு மேற்படாத முதல் தண்டனையை அங்கே பெரும்பாலும் நிறுத்திவைத்துவிடுவார்கள். ஆனாலும் குற்றம் பதிவாகிவிட்டது.

இங்கிலாந்து 1991லேயே இத்தகைய கோஷங்களைக் குற்றமாக்கியது. முதலில் கும்பலாகக் கத்தினால்தான் குற்றம். தனி ஆள் தப்பிவிடலாம். அந்த ஓட்டையை அடைக்க 1999 வரை ஆனது. அந்த எட்டு ஆண்டுகளை மன்னிக்கவே முடியாது.