தம்பி தங்கையருடன் தீபாவளித் தோரணம்



தீபாவளிக்கு வீட்டை அலங்கரிக்கையில் இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ குறுக்கே வந்து தாளைக் கிழிப்பதுண்டு. அதற்காகக் கடிந்து விரட்டுதல் தகாது. அவ்வயதில் குழந்தை தொட்டும் இழுத்துமே உலகை அறிகிறது. அதற்கும் ஒரு பங்கு வேலை கொடுங்கள், இடையூறு உதவியாகிவிடும்.

தேவையானவை:
பழைய நாட்காட்டித் தாள்கள், வெண்டைக்காய் ஒன்று, கோதுமை மாவு, உணவில் சேர்க்கும் வண்ணம்.

செய்முறை:
1. ஒரு கரண்டி மாவை நான்கு கரண்டி நீரில் கரைத்து, பெரியவர் துணையுடன் காய்ச்சிப் பசையாக்குக. ஆறியபின் பாதியில் வண்ணம் கலக்குக.
2. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வெட்டுமுகம் ஐந்திதழ்ப் பூவைப் போலிருக்கும். காம்புள்ள நீண்ட துண்டைக் குழந்தையிடம் கொடுத்து, வண்ணத்தில் தோய்த்துத் தாளின் வெள்ளைப் பக்கத்தில் ஒற்றச் செய்க.
3. காய்ந்த தாளை 4 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள பட்டைகளாக நறுக்குக. ஒன்றினுள் ஒன்றாக வளையமிட்டு ஒட்டினால் சங்கிலித் தோரணம் ஆயத்தம்.

கவனிக்க:
கத்தரிக்கோலும் கத்தியும் குழந்தைக்கு எட்டலாகாது. மூன்று வயதுக்குட்பட்டோர் கிடைத்ததை வாயிலிடுவர். மணி, பொத்தான், காசு முதலியன தொண்டையில் சிக்கின் மூச்சடைக்கும்; ஆதலால் அவற்றை அருகில் வைக்காதீர்கள். விளக்குச் சுடருக்கருகே தோரணம் கட்டாதீர்கள்.

குழந்தை ஒற்றிய பூ கோணலாயினும் திருத்தாதீர்கள்; வாயிலில் அதையே முதலில் தொங்கவிடுங்கள். வேலைக்காட்டிலிருந்து அலுத்துத் திரும்பும் பெற்றோரிடம், "நான் செய்தேன்!" என்று அது சுட்டிக்காட்டுமே, கடையில் வாங்கும் எந்தத் தோரணம் அம்மகிழ்ச்சியைத் தரும்?