வெர்சாய்: முதலில் தோட்டம், பிறகு அரண்மனை

வெர்சாய்க்குப் போகிறவர்கள் பலரும் காலை முழுவதும் அரண்மனைக் கூட்டத்தில் களைத்து, தோட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு பாரிஸ் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பதினான்காம் லூயி மன்னரே, இந்தத் தோட்டத்தை எப்படிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று 1689-இல் ஒரு வழிகாட்டி எழுதத் தொடங்கினார். அந்த அளவுக்கு அவருக்கு இது பெருமை.

போகும் வழி

ஆர்.இ.ஆர். சி ரயிலில் ‘வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ்’ நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. தடம் பிரியும் என்பதால், ஏறுமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் வாங்குங்கள். பிற்பகல் 3 மணி நல்லது.

காலை: தோட்டம்

மேல்தளத்திலிருந்து லத்தோனா நீரூற்றின் படிக்கட்டுக்கு வந்து நில்லுங்கள். மன்னரும் அங்கே நின்று பார்க்கச் சொல்கிறார். கீழே நேர்கோட்டில் புல்வெளிப் பாதை, தேரோடு நீரிலிருந்து எழும் அப்பல்லோ, அதற்கப்பால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான பெருங்கால்வாய். ஆந்த்ரே ல நோத்ர வகுத்த அமைப்பு ஒரே பார்வையில் விளங்கிவிடும். பிறகு திரும்பி அரண்மனையைப் பாருங்கள்.

இறங்கும்போது இருபுறமும் உள்ள தோப்புகளுக்குள் நுழையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீரூற்றோ சிற்பமோ காத்திருக்கும். மன்னர் காலத்தில் எல்லா ஊற்றுகளுக்கும் தண்ணீர் போதவில்லை. அவர் நெருங்கும்போது பணியாளர்கள் விசிலடித்து அடுத்த ஊற்றைத் திறப்பார்கள். இன்றும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, குறிப்பிட்ட நாட்களில் சில மணி நேரமே அவை ஓடும். அன்று தோட்டத்துக்கும் கட்டணம் உண்டு. அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நண்பகல்: ட்ரியனான்

பெரிய, சிறிய ட்ரியனான் மாளிகைகள் 12 மணிக்குத்தான் திறக்கும். கால்வாய்க் கரையிலிருந்து நடந்தே போகலாம்; முடியாதவர்களுக்குச் சிறு ரயில் உண்டு. மரி ஆன்த்வானெத் அரசி அமைத்த குட்டிக் கிராமம் அதற்கு அப்பால். சரளைக்கல் பாதைகள் என்பதால் நல்ல காலணி அவசியம்.

பிற்பகல்: அரண்மனை

கண்ணாடி மண்டபத்தின் நீளம் 73 மீட்டர்; 357 கண்ணாடிகள். ஜன்னல்கள் மேற்கே பார்த்தவை, அதனால் வெயில் சாயும்போதுதான் மண்டபம் முழு ஒளி பெறும். முதல் உலகப் போரை அடுத்து, 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது இங்கேதான். காலையில் நடந்த பாதை முழுவதும் அந்த ஜன்னல்களில் தெரியும்.

அரை நாள்தான் இருக்கிறதா? ட்ரியனானை விடுங்கள். லத்தோனா படிக்கட்டிலிருந்து கால்வாய் வரையான நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.