இஎம்ஐ மாறலை, ஆனா கடன் ஏன் குறையலை?



வரித் தாக்கலுக்காக வந்த ஒரு ஐடி ஊழியர் கேட்டார்: "மாசாமாசம் ஒழுங்கா இஎம்ஐ கட்டுறேன் சார், அசல் குறையவே மாட்டேங்குதே?" வங்கி கணக்குல தப்பு இல்லை. விஷயம் 2022-ல் ஏறிய பணவீக்கத்தில் இருக்கு. படிப்படியா பார்ப்போம்.

1. பணவீக்கத்தை எப்படி அளக்கிறாங்க?

இதை அளப்பது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசின் புள்ளியியல் துறை. மக்கள் வழக்கமா வாங்கும் பொருட்கள், சேவைகளை ஒரு கூடையா வைத்து, மாதாமாதம் அதன் விலையைக் கணக்கிடுவாங்க. இதுதான் நுகர்வோர் விலைக் குறியீடு. போன வருஷம் இதே மாசம் 100 ரூபாயா இருந்த கூடை இப்போ 106 ரூபாய் என்றால், பணவீக்கம் 6%.

2022-ல் இருந்த கூடையில் உணவு, பானங்களின் பங்கு மட்டுமே சுமார் 46%. சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்குப் போகும் உங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று: பணவீக்கம் 6%-லிருந்து 4% ஆனால் விலை குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்லை. ஏறும் வேகம்தான் குறைஞ்சிருக்கு.

2. ரிசர்வ் வங்கி என்ன செய்யும்?

இலக்கு 4%. கீழே 2%, மேலே 6% வரை போகலாம். 6 பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு இதைப் பார்த்து ரெப்போ வட்டியை முடிவு செய்யும். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ.

2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79%. வழக்கமான கூட்டத்துக்குக் காத்திருக்காமல், மே 4 அன்றே ரெப்போ 4%-லிருந்து 4.4% ஆனது. 2023 பிப்ரவரியில் 6.5%. கடன் வட்டி ஏறினால் நாம கார், வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுவோம். கம்பெனிகளும் புது முதலீட்டை யோசிக்கும். தேவை குறைய, விலை ஏறும் வேகமும் குறையும்.

எல்லா விலையேற்றத்துக்கும் வட்டியை ஏத்த மாட்டாங்க. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறி பணவீக்கம் 7.44% ஆனது. இது தற்காலிகம் என்று கருதி ரெப்போவை 6.5%-லேயே விட்டுட்டாங்க. வட்டியை ஏத்தினா தக்காளி கூடுதலா விளையாதே!

3. உங்க கடனுக்கு என்ன ஆகுது?

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த மிதவை வட்டி வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை ரெப்போவோடு இணைந்தவை. 30 லட்சம் கடன், 20 வருஷம் என்று வைப்போம்:

- 7% வட்டியில் இஎம்ஐ: ரூ.23,259
- 9.5% வட்டியில் இஎம்ஐ: ரூ.27,964
- 9.5%-ல் முதல் மாத வட்டி மட்டுமே: ரூ.23,750

கடைசி வரியைக் கவனிங்க. பழைய இஎம்ஐ அந்த வட்டிக்கே பத்தாது! நிஜத்தில் வட்டி படிப்படியாத்தான் ஏறியது, அதற்குள் கொஞ்சம் அசலும் குறைஞ்சிருக்கும். ஆனாலும் பல வங்கிகள் இஎம்ஐ-யைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டின. நம்ம நண்பருக்கும் அதேதான் நடந்தது.

4. இன்னைக்கே செய்ய வேண்டியது

- கடன் ஸ்டேட்மென்ட் எடுத்து மீதி எத்தனை தவணை, இப்போதைய வட்டி எவ்வளவு என்று பாருங்க.
- வட்டி மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தரணும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. எழுத்து மூலமா கேளுங்க.
- 2025-ல் ரெப்போ 6.5%-லிருந்து 5.25%-க்கு இறங்கியது. உங்க வட்டியும் அதே அளவு இறங்கியதா என்று சரிபாருங்க.
- வட்டி இறங்கினாலும் இஎம்ஐ-யைக் குறைக்காதீங்க. அந்த வித்தியாசம் அசலுக்குப் போகட்டும்.

நம்ம நண்பர் இஎம்ஐ-யைக் கூட்டிக் கட்ட எழுதிக் கொடுத்துட்டார். அடுத்த முறை "ரெப்போ உயர்வு" என்று செய்தி வந்தா தாண்டிப் போகாதீங்க, அது உங்க வீட்டுக் கடனைப் பற்றிய செய்தி.