வீட்டுத் தொட்டி இருக்க, பிராணிகள் வெளிநீரை நாடுவது ஏன்?

கறவை மாட்டின் எதிரில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் நேரே சாலையோரப் பள்ளத்திற்குச் சென்று, அங்கே தேங்கிய கலங்கல் நீரை ஆவலுடன் குடிக்கிறது. நாயோ வாசலில் வைத்த சட்டியைத் திரும்பியும் பாராமல், ஒழுகும் குழாயடியில் நாவை நீட்டுகிறது. இவை குடியானவர் யாவரும் தினந்தோறும் காணும் காட்சிகளே. "வாயில்லாச் சீவனுக்கு நல்லது கெட்டது தெரியாது" என்று சொல்லி நாம் அதை அத்துடன் விட்டுவிடுகிறோம்.

இவ்வாறு விட்டுவிடுவது சரியன்று. பிராணி தன் தொட்டியை வெறுப்பதற்குப் பெரும்பாலும் தக்க காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டு நீக்கினால் பால் குறையாது; நோயும் விஷமும் அணுகா. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வல்லம் வடகால், ஒரகடம் முதலிய ஊர்களில் இது முன்னிலும் அவசியமான விஷயமாயிற்று. ஏரியும் குட்டையும் மேய்காலுமாக இருந்த இந்தப் பிரதேசத்தில் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2017ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. மேய்கால் சுருங்கிய இடங்களில் மாடுகள் காலிமனைகளிலும் சாலையோரங்களிலும் மேய்கின்றன. அங்கே அவை குடிக்கும் நீர் எங்கிருந்து வந்ததென்று மேய்ப்பவருக்குத் தெரியாது.

1. எவ்வளவு தண்ணீர் தேவை?

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே. ஆகையால் கறவை மாட்டுக்கு, உடலைப் பேணுவதற்கு வேண்டிய நீர் போக, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேலும் 3 முதல் 4 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கு இக்கணக்கில் 24 முதல் 32 லிட்டர் வரை அதிகமாகத் தேவைப்படும். கோடையில் தேவை இன்னும் கூடும். தண்ணீர் குறைந்தால் முதலில் தீனி குறையும். அடுத்தாற்போல் பால் குறையும். தீவனத்தை மாற்றியும் பால் ஏறவில்லையென்று வருந்துவோர் முதலில் தொட்டியைப் பார்ப்பது நலம். நாய்க்கு அதன் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் நாளொன்றுக்கு வேண்டும்.

2. தொட்டியை வெறுப்பதற்குக் காரணங்கள்

(அ) நாற்றம். நாம் தண்ணீரைக் கண்ணால் மதிக்கிறோம். பிராணி மூக்காலும் நாவாலும் மதிக்கிறது. கனடா நாட்டு ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடந்து 2002ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், லட்சம் பங்கு நீரில் 5 பங்கு புதுச்சாணம் கலந்திருந்தாலும், வேறு நல்ல நீர் கிடைக்குமானால் மாடுகள் அதை ஒதுக்கின என்று கண்டார்கள். அதாவது நூறு லிட்டர் தொட்டியில் ஐந்து கிராம் சாணம். கண்ணுக்கு அது தெளிந்த நீராகவே தோன்றும். சாணம், எச்சில், பிண்ணாக்குத் துகள் ஆகியவை அடியில் படிந்து புளித்த தொட்டியை மாடு முகர்ந்துவிட்டு விலகுவதில் வியப்பில்லை.

(ஆ) சூடு. சிமென்டுத் தொட்டியோ பிளாஸ்டிக் டிரம்மோ வெட்டவெளியில் இருந்தால், சித்திரை வைகாசிப் பகலில் நீர் கைக்குச் சுடும். பாசியும் விரைவில் படரும். மரநிழலில் உள்ள பள்ளத்து நீர் அதனினும் குளிர்ந்திருக்கும்.

(இ) ருசி. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பலவிடங்களில் உப்பாக இருக்கிறது. லிட்டருக்கு 3,000 மில்லி கிராமுக்கு உட்பட்ட உப்புள்ள நீர் பொதுவாக மாடுகளுக்கு ஆகும். அதற்கு மேல் 5,000 வரை உள்ள நீரை முதலில் மறுக்கக்கூடும். 7,000க்கு மேற்பட்டதைச் சினைமாட்டுக்கும் கறவைக்கும் கொடுக்கலாகாது. 10,000க்கு மேற்பட்டது எதற்கும் உதவாது. மழைநீர் தேங்கிய பள்ளத்தில் உப்பு குறைவு. ஆதலால் அது மாட்டின் நாவுக்கு இனிக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் வாசனை இருந்தால் நாயும் பூனையும் அதை விரும்பா. அன்றியும், கழுநீரும் தவிடும் கலந்தே எப்பொழுதும் குடித்துப் பழகிய மாடு வெறுந்தண்ணீரைத் தொடாது. இது நாம் பழக்கிய பழக்கமே.

(ஈ) பாத்திரமும் இடமும். மாடு நாவால் நக்கிக் குடிப்பதில்லை. வாயை நீரில் ஆழ்த்தி, நாசித் துவாரம் மேலே நிற்க, உறிஞ்சிக் குடிக்கிறது. தாகமுள்ள மாடு நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் இழுக்கும். வாய் குறுகிய பக்கெட்டில் கொம்பும் காதும் இடிக்கும். பாதித் தாகத்தில் நீரும் தீர்ந்துவிடும். அகன்ற குட்டையில் இந்தச் சங்கடம் இல்லை. தலை குனிந்திருக்கும்பொழுதே நாற்புறமும் பார்க்கவும் இயலும். சுவரோரத்து மூலையில் உள்ள தொட்டியில், முட்டுகிற மாடு பக்கத்தில் நின்றால், பயந்த கிடாரி குடியாமலே திரும்பும்.

(உ) உடற்குறை. உப்பும் பாஸ்வரமும் குறைந்த தீனி தின்னும் மாடுகள் சுவரை நக்கும். மூத்திரத்தையும் கழிவு நீரையும் நாடும். தாது உப்பு கொடுத்தால் இப்பழக்கம் பெரும்பாலும் தணியும்.

(ஊ) இயற்கை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. உடலைக் குளிர்விக்கவே அது குட்டையைத் தேடுகிறது. அதைத் தாகமென்று மட்டும் கொள்ளலாகாது. பூனைகளிற் பல தேங்கிய நீரினும் ஓடும் நீரையே விரும்புகின்றன.

3. காரணத்தைக் கண்டுபிடிக்கும் எளிய பரீட்சை

மேற்சொன்னவற்றுள் எது நம் வீட்டுக் குறையென்று அறிய மூன்று நாட்கள் போதும். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் காரணம் புலப்படாது.

முதல் நாள், தொட்டி நீரையே நன்கு தேய்த்துக் கழுவிய அகன்ற அண்டாவில் எடுத்து, தொட்டியின் பக்கத்தில் வையுங்கள். மாடு அதைக் குடித்தால் குறை தொட்டியைச் சேர்ந்தது. இரண்டாம் நாள், அதே அண்டாவில் வேறு கிணற்று நீரை வையுங்கள். முதல் நாள் மறுத்த மாடு இன்று குடித்தால் குறை தண்ணீரைச் சேர்ந்தது. மூன்றாம் நாள், முதல் நாளைப் போலவே தொட்டி நீரை அண்டாவில் எடுத்து, நிழலில் வேறோரிடத்தில் வையுங்கள். அதைக் குடித்தால் குறை இடத்தையோ வெயிலையோ சேர்ந்தது. நாய்க்கும் இம்முறையே பொருந்தும்.

மூன்றிலும் குடியாமல், தீனியும் தின்னாமல் நிற்கும் பிராணி நோயுற்றது என்று கொள்க. எச்சில் வடிய, குரல் மாறி, குடிக்க முயன்றும் விழுங்கமாட்டாமல் தவிக்கும் மாட்டுக்கோ நாய்க்கோ வெறிநோய் இருக்கக்கூடும். "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது" என்று வாய்க்குள் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. அவ்வாறே, நாய் திடீரென்று இரட்டிப்பாகக் குடிக்கத் தொடங்கினால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

4. வெளிநீரில் உள்ள அபாயங்கள்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். தொட்டியைப் பற்றி மாடு தரும் தீர்ப்பை நம்பலாம். பள்ளத்தைப் பற்றி அது தரும் தீர்ப்பை நம்பலாகாது. சாண நாற்றத்தை அறியும் மூக்குக்கு, நாற்றமில்லாத விஷமும் தித்திக்கும் விஷமும் தெரிவதில்லை.

கூலன்ட்: மோட்டார் என்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் இத்திரவத்தில் எதிலீன் கிளைகால் என்னும் பொருள் பெரும்பாலும் கலந்திருக்கும். அது தித்திப்பானது. லாரிகள் நிற்கும் இடத்தில் அது ஒழுகித் தேங்கினால் நாயும் பூனையும் நக்கும். மூன்று கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல, நீர் கலவாத திரவம் ஒரு தேக்கரண்டி அளவே போதும். நாய்க்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி லிட்டர். சிறுநீரகம் கெட்டபின் பிழைப்பது அரிது. நக்கியது தெரிந்த சில மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கவேண்டும்.

யூரியா: இது தொழிற்சாலையிலிருந்து வருவதன்று, நம் களத்திலேயே உள்ளது. யூரியா கரைத்த வாளியையும், சாக்கு அலசிய நீரையும் மாடு குடிப்பதுண்டு. பழக்கமில்லாத மாட்டுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை ஒரே தடவையில் உட்சென்றால் உயிர் தங்காது. முந்நூறு கிலோ மாட்டுக்கு இது அரைக்கிலோவுக்கும் குறைவு. மருந்தடித்த வயலின் வடிநீரும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நீலப்பச்சைப் பாசி: கோடையில் ஏரி வற்றி, எருச்சத்து மிகுந்த நீரில், பச்சை வண்ணம் கரைத்தாற்போல் இப்பாசி மிதக்கும். இவற்றுட் சில வகைகள் கொடிய விஷமுள்ளவை. ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரி நீரைக் குடித்த கால்நடைகள் இறந்ததை 1878ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வெளியிட்டார். 2020ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. நீர்க்குட்டைகளில் இருந்த இப்பாசியின் விஷமே காரணமென்று அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. யானையின் மூக்கே ஏமாறுமானால் நம் மாட்டின் மூக்கை நம்புவது எவ்வாறு?

நோய்கள்: எலி மூத்திரம் கலந்த தேங்குநீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் மாட்டுக்கும் வருகிறது. மாடு கன்று வீசும். மனிதருக்கும் நோய் தொற்றும். நத்தையுள்ள குட்டை ஓரங்களில் ஈரல் தட்டைப்புழு தொற்றி மாட்டை மெலிவிக்கும்.

நிலத்தடி நீரும் கெடக்கூடும். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நீர்நிலைகளும் நிலமும் கெட்டதை எடுத்துக் கூறி, உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு யாவரும் அறிந்தது. முன்பு விரும்பிக் குடித்த கிணற்று நீரை மந்தை முழுவதும் ஒருமிக்க மறுக்குமானால், அதை மாட்டின் பிடிவாதமாகக் கருதாமல் அந்த நீரைச் சோதனைக்கு அனுப்புக.

5. நிலச்சொந்தக்காரர்கள் செய்யவேண்டியவை

தொட்டியை நிழலில் அமைக்கவும். மாட்டுத் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை அடி உயரமிருந்தால் சாணம் விழாது. ஆட்டுக்கு ஒரு அடி போதும். அடியில் வடிதுளை அவசியம். வாரந்தோறும் முழுதும் வடித்துத் தேய்க்கவும். மாதம் இருமுறை சுண்ணாம்பு பூசி, உலர்ந்தபின் நீர் நிரப்பவும். கழுநீர்த் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வெவ்வேறாக இருக்கட்டும். கழுநீருக்குப் பழகிய மாட்டுக்கு நாள்தோறும் கழுநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெறுந்தண்ணீரைப் பழக்கலாம்.

மேய்ச்சலுக்கு விடுமுன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். தாகம் தீர்ந்து செல்லும் மாடு பள்ளத்தை நாடுவது குறையும். இது செலவில்லாத பாதுகாப்பு. தாது உப்புக் கலவையைப் பற்றிய யோசனையைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ பெறலாம். நாய்க்கு அகன்ற மண்சட்டியோ எவர்சில்வர்ப் பாத்திரமோ நல்லது. பிளாஸ்டிக் நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். இருவேளையும் கழுவி நீரை மாற்றவும். குளோரின் வாசனையுள்ள குழாய் நீரைத் திறந்த பானையில் சில மணி நேரம் வைத்திருந்தால் வாசனை நீங்கும். விஷம் குடித்ததென்று சந்தேகித்தால் 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

6. கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பல ஊர்களில் பொதுத் தொட்டி கட்டியும் நீர் நிரப்புவார் இல்லை. நிரம்பியிருந்தாலும் கழுவுவார் இல்லை. தொட்டி கட்டுமுன் மந்தை திரும்பும் வழியைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். உப்பு நீர்க் குழாயடியில் கட்டிய தொட்டி வீணே. நிரப்புவதும் கழுவுவதும் யார் பொறுப்பென்று ஊராட்சித் தீர்மானத்தில் எழுதிவைக்க வேண்டும். மழைநீர் வடிகாலில் மழையில்லாக் காலத்தில் நீர் ஓடினாலோ, நிறமோ நுரையோ எண்ணெய்ப் படலமோ தென்பட்டாலோ, அன்றே தமட்டமடித்தோ ஒலிபெருக்கி மூலமோ மாட்டுக்காரர்களுக்கு அறிவித்து, சுத்தமான போத்தலில் மாதிரி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாடு இறந்தபின் எழுதும் அறிக்கையினால் பிரயோஜனம் சிறிதே.

குளம் வெட்டுவதையும் ஆவுரிஞ்சு தறி நாட்டுவதையும் நம் முன்னோர் முப்பத்திரண்டு அறங்களுள் வைத்து எண்ணினர். குளம் வெட்ட எல்லோராலும் இயலாது. வீட்டுத் தொட்டியை மாடு விரும்பும்படி வைத்துக்கொள்ள யாவராலும் இயலும். இவ்விதழைப் படிப்போர் நாளைக் காலையில் தம் தொட்டியின் அடியில் ஒருமுறை கைவிட்டுத் துழாவி, அக்கையை முகர்ந்து பார்ப்பாராக. மாடு ஏன் விலகிச் சென்றது என்பது அப்பொழுதே விளங்கும்.